ஞாயிறு எட்டு மணிக்கு உயிர் தெரியும்!

டெலிபோன் அலறியது!

பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஹாலுக்கு வந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். ரிடையராகி வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் தெருவுக்கே அவர் இன்னும் ஸ்டேஷன் மாஸ்டர்தான். ஒரு தடவைகூடத் தப்பாகப் பச்சைக் கொடி காட்டாத கை அது.

அந்தக் கை ரிசீவரை எடுத்தது.

"யாரு?"

"நாளைக்குக் கோர்ட்டுல சாட்சி சொல்லப் போறவர்தானே?"

சரளைக் கல்லில் தகரத்தை இழுத்த மாதிரி ஒரு குரல்.

"ஆமா. நீ யாரு?"

"உங்க பொண்ணும் பையனும் டிவியில ஓடுறாங்களே... 'பூமிப் பந்தயம்'... பாக்கறீங்களா?"

"அந்தக் கூத்தையெல்லாம் நான் பாக்கறதில்ல!"

"பாக்கவும் வேண்டாம். அவங்க இப்ப ஓடல பெரியவரே. என்கிட்ட உக்காந்திருக்காங்க!"

நுரை ஒரு சொட்டு தரையில் விழுந்தது.

"என்னடா உளர்றே?"

"உங்க செல்போன்ல ஒரு படம் வந்திருக்கும். நிதானமாப் பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."

பார்த்தார்.

ஏதோ ஓர் அறை. ஒரு கட்டில். ஜன்னலில் இறுக மூடிய திரை. கட்டிலின் விளிம்பில் மகள். வீட்டில் அவளுக்குப் பெயர் 'வாலு'. இடது முழங்காலில் தடிமனாகக் கட்டு! பக்கத்தில் தம்பி 'குண்டு', தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு... இரண்டு முகங்களிலும் உயிரில்லை. அழுது ஓய்ந்த கண்கள்.

டிவியில் இந்தக் கட்டை யாரும் பார்க்கவில்லை. போன ஞாயிறுகூட அவள் மான் மாதிரி ஓடினாள்.

"டேய்... என் பொண்ணு கால்ல என்னடா பண்ணினே?"

"கால்தானே? நாளைக்குக் கூண்டுல ஏறுங்க. 'நான் எதையும் பாக்கல'ன்னு மூணு வார்த்தை சொல்லுங்க. பிள்ளைங்க நடந்தே வீட்டுக்கு வருவாங்க. போலீசுக்கோ டிவிக்காரனுக்கோ விஷயம் போச்சு... ரெண்டு பெட்டியில வருவாங்க!"

லைன் செத்தது.

ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்தது என்ன?

கொலை!

அவருடைய மச்சான், மனைவியின் கூடப்பிறந்த தம்பி, கட்டட வியாபாரி. புதிதாகக் கட்டிய மாடி வீடுகளில் லிப்ட் பொருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மேல்மாடியில் மச்சானுக்கும் அவனுடைய பார்ட்னருக்கும் வாய்ச்சண்டை. தற்செயலாகப் படியேறி வந்தவர் கண்ணெதிரே மச்சானின் இரண்டு கைகளும் நீண்டன. பார்ட்னரின் மார்பில் பதிந்தன. கதவு வைக்காத லிப்ட் பள்ளம்... ஒரு கத்தல்... அப்புறம் கீழே சிமெண்ட் தரையில் ஒரு சத்தம்.

வேறு சாட்சி கிடையாது.

"மச்சானா இருந்தா என்ன, மகனா இருந்தா என்ன? பார்த்தது பார்த்ததுதான்" என்று போலீசில் சொல்லிவிட்டு வந்தவர் அவர். மானம் ஒன்றும் சட்டை இல்லை, கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வேறு போட்டுக்கொள்ள.

"என்னங்க... யாரு போன்ல?"

ஈரக் கையைத் துடைத்தபடி சமையலறையிலிருந்து வந்தாள் மனைவி. அவர் படத்தைக் காட்டினார்.

"ஐயோ! என் தங்கங்களே!"

சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

"எல்லாம் உன் தம்பி வேலை!"

"அவன் எனக்குத் தம்பியே இல்லைங்க! பாவி! அக்கா பெத்த பிள்ளைங்க மேலயே கை வச்சிட்டானே!"

"நாளைக்கு நான் என்ன பண்ணட்டும்? சொல்லு!"

மனைவி கண்ணைத் துடைத்தாள். நிமிர்ந்தாள்.

"உண்மையைச் சொல்லுங்க. பயந்து பின்வாங்காதீங்க. பிள்ளைங்க தலையெழுத்து எப்படியோ அப்படி நடக்கட்டும்."

அவர் அதிர்ந்து போனார். பெற்ற வயிறா இப்படிப் பேசுகிறது?

"உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? ரெண்டு உயிர்டி!"

"உங்க வாக்கு பெருசா, பிள்ளைங்க பெருசான்னு பார்த்தா... வாக்குதாங்க பெருசு."

அதே வார்த்தையை அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அடுத்தவர் வாயிலிருந்து கேட்கும்போதுதான் அது எவ்வளவு பெரிய கல் என்று தெரிந்தது.

இன்ஸ்பெக்டரின் நம்பரைப் பாதி அழுத்தினார். 'ரெண்டு பெட்டி' ஞாபகம் வந்தது. போனை வைத்துவிட்டார். முகத்து நுரையைத் துடைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

பூமிப் பந்தயம், ஐந்தாவது சீசன்.

ஜோடி ஜோடியாக உலகத்தைச் சுற்றி ஓட வேண்டும். ஒவ்வொரு நாட்டிலும் கடைசியாக வரும் ஜோடி அவுட். கிளம்பும்போதே செல்போன்களைப் பிடுங்கி வைத்துவிடுவார்கள். இன்றைக்கு நடக்கும் ஓட்டம் மூன்று வாரம் கழித்துத்தான் டிவியில் வரும். தோற்ற ஜோடியும் உடனே வீடு திரும்ப முடியாது. பக்கத்து வீட்டுக்காரன் பார்த்தால் ரகசியம் உடைந்துவிடுமே! பைனல் முடியும்வரை ஊர் பேர் தெரியாத ஒரு வீட்டில் அடைத்து வைத்துவிடுவார்கள்.

ஆக, போன ஞாயிறு டிவியில் அவள் சிரித்த சிரிப்பு... மூன்று வாரப் பழைய சிரிப்பு!

செலக்ட் ஆன அன்று வாலு குதித்துக்கொண்டு வந்து சொன்னாள். இவர் சொன்ன பதில், "ஊர் பார்க்கச் சேத்துல புரள்ற பொண்ணு என் பொண்ணே இல்ல." அதற்கப்புறம் அவள் கிளம்பும்வரை பேச்சே இல்லை.

ஆனால் ஞாயிறு எட்டு மணியானால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு எப்படியோ தாகம் எடுத்துவிடும். டிவி தெரிகிற மாதிரி பானைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, ஒன்பது மணிவரை ஒரே டம்ளர் தண்ணீரைக் குடிப்பார்!

சேனல் ஆபீஸ்.

கண்ணாடி மேஜைக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. உதட்டில் மாறாத புன்னகை. எதிர் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்தார் ஸ்டேஷன் மாஸ்டர். போனில் வந்த மிரட்டலைப் பற்றி மூச்சு விடக் கூடாது.

"அக்கா தம்பி ஜோடியோட அப்பா நான். அவங்க இன்னும் ஓடுறாங்களா இல்லையா? அது மட்டும் தெரியணும்."

"சாரி சார். ரிசல்ட்டை யாருக்கும் சொல்லக் கூடாது."

"ரிசல்ட் யாருக்கு வேணும்? உயிரோட இருக்காங்களா, அதைச் சொல்லுங்க!"

"எல்லாரும் இப்படித்தான் சார் கேக்கறாங்க. வெளிய இதை வச்சு சூதாட்டமே நடக்குது. போன வாரம் ஒருத்தர் தாத்தான்னு சொல்லிட்டு வந்து தேம்பித் தேம்பி அழுதாரு. விசாரிச்சா அந்தத் தாத்தா செத்து வருஷக்கணக்காச்சு!"

"நான் செத்த தாத்தா இல்லம்மா. உயிரோட இருக்கிற அப்பா!"

"ஒரு நிமிஷம் சார்."

அதிகாரி கம்ப்யூட்டரைத் தட்டினாள். எதையோ படித்தாள். புன்னகை கொஞ்சம் சங்கடப்பட்டது.

"உங்ககிட்ட பேச எனக்கு அனுமதி இல்ல சார்."

"எந்த நாடுன்னாவது..."

"சார், ப்ளீஸ். என் வேலை போயிடும்."

வாழ்நாளில் யாரிடமும் அவர் கை கூப்பியதில்லை. கூப்பினார்.

"அம்மா... உன்னை என் பொண்ணா நினைச்சுக் கேக்கறேன்..."

அதிகாரி எழுந்து நின்றுவிட்டாள். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனாலும் வாயிலிருந்து வந்தது இதுதான்.

"ஞாயித்துக்கிழமை எட்டு மணிக்குப் பாருங்க சார்!"

கோர்ட்.

கூண்டில் ஏறினார். முதுகு பழக்கத்தில் நிமிர்ந்தே இருந்தது.

எதிர்க் கூண்டில் மச்சான். முன்வரிசையில் செத்துப்போன பார்ட்னரின் மனைவி. இவரைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒரு நம்பிக்கை... இந்த மனுஷன் பொய் சொல்ல மாட்டார்!

அரசு வக்கீல் உற்சாகமாக ஆரம்பித்தார்.

"சம்பவத்தன்னிக்கு மேல்மாடியில என்ன பார்த்தீங்க?"

அவர் கண்ணுக்குள் மூடிய திரை. முழங்கால் கட்டு. தொங்கிய தலை.

"நான்... எதையும் பாக்கல."

"என்னது? போலீஸ்ல ரெண்டு கையும் தள்ளினதைப் பார்த்ததா சொல்லியிருக்கீங்களே!"

"தப்பா சொல்லிட்டேன். நான் படியேறி வர்றதுக்குள்ள அவர் விழுந்துட்டார்."

"மாஸ்டர்! நீங்களா இப்படிப் பேசறீங்க?"

அவர் கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

பார்ட்னரின் மனைவி அழவில்லை, கத்தவில்லை. அவரையே பார்த்தாள். எதிரே வரும் ரயில் தெரிந்தும் நகர முடியாதவன் மாதிரி அந்தப் பார்வையின் முன்னால் நின்றார் அவர்.

'பிறழ் சாட்சி' என்றார் நீதிபதி. வேறு சாட்சி இல்லாத வழக்கு. அன்று மாலையே மச்சானுக்கு விடுதலை!

வாசலில் மச்சான் பக்கத்தில் வந்தான்.

"ரொம்ப நன்றி மாமா."

"என் பிள்ளைங்க எங்கடா?"

"உலகத்தைச் சுத்தப் போன பிள்ளைங்க... உலகம் உருண்டை மாமா! சுத்தி எப்படியும் வீட்டுக்குத்தானே வரணும்?"

சிரித்துக்கொண்டே காரில் ஏறினான். கன்னத்தில் ஓர் அறை விடத்தான் கை தூக்கினார். கை பாதியிலேயே இறங்கிவிட்டது. பொய் சொன்னவன் யாரை அடிப்பது?

ஞாயிறு. எட்டு மணி. பிள்ளைகள் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

மனைவி ரிமோட்டைக் கொண்டுவந்து அவர் கையிலேயே திணித்தாள்.

"பாருங்க. இன்னிக்கு அவசியம் பாருங்க. எதுக்குப் பானைகிட்ட நின்னுகிட்டு? நாற்காலியில நல்லா உக்காந்தே பாருங்க!"

வேறு நாளாக இருந்தால் ரிமோட்டைத் தூக்கி எறிந்துவிட்டு மாடிக்குப் போயிருப்பார். இன்று அவருக்கு முறைக்கக்கூடத் தெம்பு இல்லை.

உட்கார்ந்தார்.

மனைவியின் முகம் வெளுத்தது!

"இல்ல... உங்களுக்குத் தலைவலின்னா படுத்துக்குங்களேன்..."

"சும்மா இரு."

திரையில் ஏதோ ஒரு நாட்டின் ஆறு. கயிற்றைப் பிடித்துக்கொண்டு கடக்க வேண்டும். வாலு நடு ஆற்றில் வழுக்கினாள். பாறையில் முழங்கால் மோதியது!

"ஐயோ!" என்றார்.

குண்டு அக்காவை முதுகில் சுமந்துகொண்டு மூச்சிரைக்க ஓடி வந்தான். பந்தயத்தின் டாக்டர் அவள் முழங்காலில் கட்டுப் போட்டார்.

தடிமனான கட்டு...

அவர் நாற்காலியில் முன்னுக்கு வந்தார்.

'நீங்கதான் கடைசி ஜோடி. சாரி... நீங்க அவுட்!' என்றான் நிகழ்ச்சி நடத்துபவன். அடுத்த காட்சியில் ஓர் அறை. ஒரு கட்டில். ஜன்னலில் இறுக மூடிய திரை. விளிம்பில் வாலு, பக்கத்தில் குண்டு... கடத்தப்பட்டவர்களின் முகம் அல்ல அது. தோற்றவர்களின் முகம்!

'இனி பைனல் முடியற வரைக்கும் நீங்க இங்கதான். பத்திரமா இருக்கீங்கன்னு வீட்டுல ஒரே ஒருத்தருக்கு மட்டும் ரகசியமா போட்டோ அனுப்புவோம். யாருக்கு அனுப்பட்டும்?'

வாலு கண்ணைத் துடைத்தாள்.

'அம்மாவுக்கு அனுப்புங்க. அப்பாவுக்கு வேண்டாம். அப்பா எங்களை டிவியிலகூடப் பாக்க மாட்டார்.'

கேமரா பளிச்சிட்டது!

ஸ்டேஷன் மாஸ்டர் மெதுவாகத் திரும்பினார். மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"நீயா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடியே படம் உன்கிட்ட வந்தாச்சு. பிள்ளைங்க பத்திரமா இருக்காங்கன்னு உனக்குத் தெரியும்!"

"தெரியும்."

"போன்ல பேசினவன்?"

"தம்பி ஆபீஸ் மேனேஜர். நாடகத்துல வில்லன் வேஷம் கட்டினவர். கொஞ்சம் அதிகமாவே நடிச்சிட்டார்."

"உன் தம்பி ஒருத்தனைத் தள்ளிக் கொன்னிருக்கான்டி! நான் பார்த்தேன்!"

"நீங்க பார்த்தீங்கன்னா அது நிஜம்தான். எனக்குச் சந்தேகமே இல்ல." அவள் குரல் உடைந்தது. "ஆனா அம்மா இல்லாம நான் இடுப்புல தூக்கி வளர்த்தவன். அவன் தூக்குல தொங்கறதைப் பாக்க எனக்குத் தெம்பு இல்லைங்க."

"அப்புறம் எதுக்குடி 'உண்மையைச் சொல்லுங்க'ன்னு என்னைத் தைரியப்படுத்தினே?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் சொன்ன எதையாவது நீங்க செஞ்சிருக்கீங்களா? 'பொய் சொல்லுங்க'ன்னு அழுதிருந்தா, கட்டாயம் உண்மையைச் சொல்லிட்டு வந்திருப்பீங்க! இன்னிக்கும் அதை நம்பித்தான் 'பாருங்க, பாருங்க'ன்னேன்... இன்னிக்குப் பார்த்து என் பேச்சைக் கேட்டுட்டீங்களே!"

அவர் எழுந்தார். சட்டையை மாட்டினார். வாசலில் ஒரு காலைச் செருப்பில் நுழைத்தார்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட போறேன். நான் சொன்னது பொய்னு எழுதிக் கொடுக்கப் போறேன்!"

மனைவி தடுக்கவில்லை. அழவும் இல்லை.

"போங்க. தாராளமாப் போய் எல்லாத்தையும் சொல்லுங்க."

அவருடைய இன்னொரு கால் அந்தரத்தில் நின்றது.

போனால்... மச்சானோடு மனைவியும் உள்ளே. பொய்ச் சாட்சி சொன்னதற்கு அவரும் உள்ளே. கட்டோடு நொண்டி நொண்டி வரும் மகளைப் பூட்டிய கதவு வரவேற்கும். தெருவே கை கொட்டிச் சிரிக்கும். போகாவிட்டால்... முன்வரிசையிலிருந்து ஒரு பெண் சாகும்வரை அவரைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

எந்தப் பக்கம் போனாலும் மானம் போகிறது. பச்சையும் சிவப்பும் ஒன்றாக எரிகிற சிக்னலை எந்த ஸ்டேஷன் மாஸ்டர் பார்த்திருக்கிறார்?

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முதல் தடவையாக அந்த முதுகு வளைந்திருந்தது.

மனைவி மெல்லப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னங்க... ஒத்தைச் செருப்போட உக்காந்துட்டீங்க? நிஜமா நான் போகச் சொல்றேனா, போக வேண்டாம்னு சொல்றேனா... தெரியலையா?"

ஸ்டேஷன் மாஸ்டர் தலையைத் தூக்காமலே சொன்னார்.

"ஏதாவது ஒண்ணை ஒழுங்காச் சொல்லித் தொலைடி... நீ சொன்னாத்தானே எதைச் செய்யக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்!"