அய்யனாருக்கு விட்ட குதிரை

துப்பாக்கியில் குதிரை இல்லை. ஆனால் குதிரை ஏறுகிற சத்தம் கேட்டது.

உச்சிவெயிலில் பட்டறைக் கூரையின் பனையோலைகள் முறுமுறுத்துக்கொண்டிருந்தன. கரிப்புகையும், பழுத்த இரும்பை முக்கியெடுத்த தொட்டித் தண்ணீரின் துருவாடையும் தொண்டையில் படிந்திருக்க, பூமிநாதன் ஆசாரி அரத்தை மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மூலையில் சாய்த்திருந்த துப்பாக்கியிலிருந்து ஒரு 'டக்'. மூச்சுவிடும் நேரம் கழித்து இன்னொரு 'டக்'. பாதி ஏறி, பிறகு முழுக்க ஏறி நிற்கிற சத்தம். அடுத்து விழுந்து அடிக்கிற சத்தம் வரவேயில்லை.

தன் கட்டைவிரல்தான் சொடுக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். சுத்தியல் பிடித்துப் பிடித்து அந்த விரல் கொக்கியாக வளைந்துபோயிருந்தது. உடம்பு முழுக்க அலுப்பு. மழை பொய்த்த வருஷம். ஏர்க்கொழு அடிக்கக்கூட ஆள் வராதபோது, வந்த வேலையை வேண்டாமென்று சொல்ல முடியவில்லை.

மல்லாங்கிணறு பக்கத்துச் சம்சாரி கோட்டைச்சாமியின் துப்பாக்கி அது. குழாய் வாயில் மருந்தைக் கெட்டித்து, பின்னால் காம்பில் கேப்பு என்கிற செப்புத் தொப்பியை மாட்டினால், குதிரை என்கிற விசைச்சுத்தி விழுந்து அடிக்கும்போது வெடிக்கிற பழைய ரகம். கோட்டைச்சாமியின் அண்ணன் முத்துராமலிங்கம் அந்தத் துப்பாக்கி வெடித்துத்தான் செத்தார். பூண் தளர்ந்து, விசைக்கூடு பிய்ந்து, குதிரை இருந்த இடத்தில் வெறும் சதுர முளை நீட்டிக்கொண்டிருந்தது.

"பன்னி சோளத்தப் பூரா அழிக்குது ஆசாரியாரே. வெரசாக் குதிரை அடிச்சுக் குடுங்க."

"பழசு இருந்தா அச்சுப் பாத்துக்கிருவேன்யா."

"அது இல்ல." கோட்டைச்சாமி முகம்கொடுக்காமல் பஸ்ஸுக்கு நடந்துவிட்டார்.

உள்ளே மருந்து கிடக்கிறதா என்று ஆசாரி கெட்டிக்கும் கம்பியை விட்டுப் பார்த்தார். காலிக் குழாயென்றால் கம்பி முழுக்க இறங்கி, குழாய் வாயோடு சமமாக நிற்கும். அப்படியே நின்றது. அந்தத் தைரியத்தில்தான் வேலையைத் தொடங்கினார்.

பித்தளைத் தகட்டில் பூண் வளைத்தார். விசைக்கூடும் சீக்கிரம் முடிந்தது. குதிரைதான் உயிரை வாங்கியது. மனைவி சண்முகவடிவு துருத்தி இழுக்க, இரும்பைக் காய்ச்சி அடித்து, அரத்தால் ராவி ராவி, சதுரத் துளையை முளைக்குச் சேரவைக்க வேண்டியிருந்தது. தலைநிமிரும்போதெல்லாம் துப்பாக்கியின் வாய் துருத்திப் பக்கம் திரும்பியிருந்தது. அவர் சுவரைப் பார்க்கத் திருப்பி வைப்பார். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வடிவைப் பார்த்து நிற்கும். தான்தான் மறந்து வைத்திருப்போம் என்று விட்டுவிட்டார்.

அருப்புக்கோட்டைச் சந்தைக்குப் போகிற வழியில் மாயக்காள் பட்டறை வாசலில் நின்றாள். செத்துப்போன முத்துராமலிங்கத்தின் மனைவி. உள்ளே வரவில்லை.

"எங்க வீட்டுக்காரவுக போன அன்னைக்கே குதிரைய அய்யனாருக்கு விட்டாச்சு ஆசாரியாரே. இனி அந்த வீட்டுக்கு ஒரு குதிரை வரக்கூடாது."

"நல்ல காரியந்தாம்மா," என்றார். நேர்ந்துகொண்டு மண்குதிரை எடுத்துக் கோயிலில் விடுவது அந்தப் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். இதைப் போய் ஏன் தன்னிடம் சொல்கிறாள் என்று தோன்றியது. கேட்க அலுப்பாக இருந்தது. மாயக்காள் தலையாட்டிவிட்டு நடந்தாள்.

மறுநாள் குதிரையை முளையில் மாட்டித் திருகினார். ஏற்றிப் பார்த்தார்.

டக். டக்.

அதே சத்தம். இத்தனை நாளும் மூலையிலிருந்து கேட்ட அதே சத்தம்.

கம்பியை எடுத்துக் குழாய்க்குள் விட்டார். முழுக்க இறங்கவில்லை. வாய்க்கு மேலே நான்கு விரல்கடை நீட்டிக்கொண்டு நின்றது. திருகுக் கம்பியை விட்டு இழுத்தார். நீலத்துணிப் பந்து ஒன்று வந்தது. அதன் பின்னால் கருமருந்து பொலபொலவென்று உள்ளங்கையில் கொட்டியது.

வடிவு கட்டியிருந்தது நீலச்சேலை. முதுகுப் பக்கம் வட்டமாக ஒரு கிழிசல்.

"வடிவு, சேல எங்க கிழிஞ்சுச்சு?"

"எலி கடிச்சிருக்கும். இதுக்கு ஒரு கேள்வியா? எனக்குத் தோள்பட்ட விட்டுப்போகுது."

குதிரையை அய்யனாருக்கு விட்டாச்சு. மண்குதிரை இல்லை. மாயக்காள் சொன்னது துப்பாக்கியின் குதிரையை.

மருந்தைத் தொட்டித் தண்ணீரில் கொட்டினார். குதிரையைக் கழற்றி மடியில் கட்டிக்கொண்டு, வறண்ட கண்மாயைக் குறுக்கே கடந்து அய்யனார் கோயிலுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். மண்குதிரையின் திறந்த வாய்க்குள் துருப்பிடித்த பழைய குதிரை இருந்தது, சிவப்பு நூல் சுற்றி. தன்னுடையதை அதன் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டார். பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. குதிரை இல்லாவிட்டால் துப்பாக்கி வெறும் தடிதானே. வரும் வழியில் கண்மாய்க்கரை வேலமர நிழலில் உட்கார்ந்து கொஞ்சம் அழுதார்.

பட்டறையில் வடிவு உலையில் கரி போட்டுக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பட்டடைக்கல்லின் மேல் கிடந்தது. அவர் அதை அங்கே வைக்கவில்லை. காம்பில் செப்புக் கேப்பு மாட்டியிருந்தது. புதுசு. குழாய் வாயில் கருமருந்துத் தூள் புதிதாக ஒட்டியிருந்தது.

கொண்டுபோய்க் கிணற்றில் போட்டுவிடலாம் என்று இரண்டு கையாலும் தூக்கினார்.

கை விடவில்லை.

வலது கட்டைவிரல் தானாக நகர்ந்தது. வெறும் முளையின் மேல் படிந்தது. துளையிட்டு ராவியதுபோல் கச்சிதமாகச் சேர்ந்தது. பின்னால் வளைந்தது.

டக்.

வலிக்கவில்லை.

டக்.

வடிவு, எந்திரி. குரல் வரவில்லை.

"வந்துட்டீகளா? இருங்க, ஊதுறேன்." திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டு, வடிவு துருத்தியின் முன் தன் வழக்கமான இடத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். நீலச்சேலையின் வட்டக் கிழிசலில் முதுகு தெரிந்தது. குழாயின் வாய் அதற்கு நேராகப் போய் நின்றது.

துருத்தி பெருமூச்சு விட்டது. ஏறி நின்ற விரல் கேப்பின் மேல் விழத் தொடங்கியது.