இடது மட்கார்ட்

ஃபைபர் வார்க்கும் ரெசின் இறுகும்போது சூடாகும். கொஞ்ச நேரத்தில் ஆறிவிடும். தரங்கம்பாடியில் ஃபைபர் படகு கட்டும் இடத்தில் ஆறு வருஷம் வேலை பார்த்த ரெத்தினத்துக்கு அது தெரியாததல்ல. ஆனால் நேற்று மாலை வார்த்த மட்கார்ட், காலையில் கொல்லைக் கொட்டகையைத் திறந்தபோதும் ஆறவில்லை. சுடவும் இல்லை. தூங்குகிறவர் முதுகில் கை வைத்தால் இருக்குமே, அப்படி இருந்தது.

அந்த மட்கார்ட் பண்ணை வீட்டுப் பழைய பிளஷர் காருடையது. பண்ணையாரின் பேரன் இளையபெருமாள் இப்போது கரை வேட்டி கட்டிய ஒன்றியப் பெரும்புள்ளி. மந்திரியை அந்தக் காரில் ஏற்றி ஊர்வலம் விட அவருக்கு ஆசை. கொட்டகையில் தார்ப்பாய் போர்த்தி நின்ற அதன் இடது மட்கார்டைத் துரு தின்றிருந்தது. ஓட்டைகளை அடைத்து, அதன்மேல் அச்சு எடுத்து, அந்த அச்சில் ஃபைபரில் புதிதாக வார்க்க வேண்டும்.

"முடிச்சிக் குடு ரெத்தினம். உங்க வீட்டு மனைக்கு நானே கையெழுத்துப் போட்டுடறேன்" என்றிருந்தார். ரெத்தினம் பிறந்த வீடு. மனை மட்டும் இன்னும் பண்ணை பேரில்.

அச்சிலிருந்து மட்கார்டைப் பெயர்த்தான். வழவழப்பாக வரவேண்டிய மேல்பக்கத்தில் ஐந்து புடைப்புகள். உள்ளிருந்து யாரோ விரல்களை ஊன்றியதுபோல. அச்சைத் தடவினான். கண்ணாடி மாதிரி இருந்தது.

இரண்டாவது முறை வார்த்தான். விரல்களோடு உள்ளங்கையும் வந்தது. பெயின்ட் அடிக்காத ஃபைபரில் வெளிச்சம் ஊடுருவும். வெயிலில் தூக்கிப் பிடித்தான். வெள்ளை இழைகளுக்கு நடுவே கறுப்பாக, நீளமாக, சிக்குப் பிடித்த தலைமயிர். மூக்கை அறுக்கும் ரெசின் நெடி போய், கொட்டகை முழுக்க நடவு வயல் சேற்றின் வாசனை.

அப்பா ஐயாவு கொல்லைப் பக்கம் வந்தவர், தார்ப்பாய் விலகியிருந்த காரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இந்த வண்டியாடா?"

"ஆமாப்பா. மனை நமக்கு ஆயிடும்."

"கூலி கேட்டு அறுப்புக்குப் போவாம இருந்தோமே, அந்த வருஷம். வாய்க்கா கரையில பொன்னுத்தாயி இத மறிச்சிக்கிட்டு நின்னா. உங்க அம்மாவோட அக்கா. கூட ஏழு பேரு. நாங்க ஓடிப் போயி பாக்கறப்ப ஒருத்தரையும் காணும். ஊர வுட்டு ஓடிட்டாங்கன்னு போலீசு எழுதிக்கிட்டுப் போயிட்டான்." அவர் மட்கார்டின் அருகே வரவில்லை. "வேணாம்னு சொல்லிடுடா."

"எங்க போயி குடியிருக்கறதுப்பா?"

ஐயாவு தார்ப்பாயை இழுத்துக் காரை மூடிவிட்டுப் போனார்.

ஊர்வலத்துக்கு இரண்டே நாள். மனைவி அம்சம் நடவுக்குப் போயிருந்தாள். உச்சி வெயிலில் தெருவில் ஆள் சத்தமே இல்லை. எங்கோ தூரத்தில் பம்ப்செட் மட்டும் விடாமல் இரைந்துகொண்டிருந்தது. ரெத்தினம் மூன்றாவது முறை ரெசினில் அதை இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்தான். அச்சுக்குள் பாய் மாதிரியான ஃபைபர் மேட்டை விரித்தான். பிரஷ்ஷால் ரெசினை ஊட்டினான். ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழ். உள்ளங்கையால் அழுத்தினான்.

அடியிலிருந்து எதிர்த்து அழுத்தியது.

கையை இழுத்தான். வரவில்லை. அவன் விரல்களுக்கிடையே விரல்கள் கோத்துக்கொண்டன. மெலிந்த, காய்ப்பேறிய விரல்கள்.

"அம்சம்!"

பம்ப்செட் நின்றது.

ரெசின் குடித்த மேட் மெல்லத் தெளிந்தது. முதலில் நெற்றி. பிறகு மூக்கு. சேறு அடைத்த வாய். அம்மாவின் சாடை. அதன் தோளுக்குப் பின்னால் இன்னொரு முகம். அதற்கும் பின்னால். எட்டு. அச்சின் அந்தக் குறுகிய குழிக்குள் எட்டுப் பேர், நெருக்கியடித்து.

ரெசின் இறுகத் தொடங்கியது.

கண்கள் திறந்தன. ஒவ்வொன்றாக. ஒன்றுகூட அவனைப் பார்க்கவில்லை. அவன் தோளைத் தாண்டி, அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தன.

அங்கே, பேட்டரிகூட இல்லாத அந்த வண்டியில், தார்ப்பாய்க்கு அடியில், இரண்டு விளக்குகளும் எரிந்தன.