காலி ஸ்டூலுக்குப் போட்ட சீட்டு

தாராபுரம் ரோட்டில், அவிநாசிபாளையத்தைத் தாண்டி இருந்த அந்தப் பழைய பனியன் கம்பெனியை என் வீட்டுக்காரர் பிரதீப் லீசுக்கு எடுத்தபோதே சொன்னேன், பல வருசம் பூட்டிக் கிடந்த கட்டடம் நமக்கு ஆகாதென்று. என் பேச்சு என்றைக்கு எடுபட்டது? ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டிப் பெருக்கலாம் வா என்று கூப்பிட்டார். விளக்குமாறும் கையுமாகப் போய் இறங்கினால், மனுசன் பையிலிருந்து சீட்டுக்கட்டை எடுக்கிறார்.

அது அவரே உருவாக்கிய பேய் விளையாட்டு. ஏற்றுமதித் துணிகளில் தொங்கவிடும் டேக் அட்டை மீந்ததில் அச்சடித்தது. அதற்குக் காட்டும் அக்கறையில் கால்வாசியாவது தன் உடுப்பில் காட்டக்கூடாதா? போட்டிருந்த சட்டையில் நெஞ்சுப் பொத்தானைக் காணோம். கைமடிப்பில் நூல் தொங்கியது.

"ஊரு உலகத்துக்கே துணி தைச்சு அனுப்பறீங்க, உங்க சட்டைய ஒருக்கா பாருங்க."

"வாயாடாம உக்காரு மதி" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் எனக்குக் கோபம் நிற்காது. உட்கார்ந்துவிட்டேன்.

கூட வந்த மூன்றாவது ஆள் ராஜபாண்டி. ஓவர்லாக் டெய்லர், உசிலம்பட்டிப் பக்கத்துக்காரர். நாலாவதாக அவர் மனைவி நதியா வரவேண்டியது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று நின்றுவிட்டாள்.

வெளியே மழை பிடித்தது. சாரல் அடிக்கிறதென்று பிரதீப் ஷட்டரை இறக்கினார். கரண்ட் இல்லை. எமர்ஜென்சி லைட் வெளிச்சத்தில் பழைய செக்கிங் டேபிளும் நாலு ஸ்டூலும் மட்டும் தெரிந்தன. மற்றதெல்லாம் இருட்டு. பஞ்சுத் தூசியும் மெஷின் ஆயிலும் கலந்த வாடை, நேற்றுவரை வேலை நடந்த இடம்போல அடித்தது.

ஆட்டம் இதுதான். பூட்டிய கம்பெனிக்குள் நாலு பேர் பேயோடு மாட்டிக்கொள்கிறார்கள். பேய்க்கட்டிலிருந்து சீட்டைப் புரட்டப் புரட்டக் காயம் விழும். ஒரு காயத்துக்கு ஒரு சிவப்புப் பொத்தான். கையில் இருப்பதைச் சொல்லக்கூடாது. நாலு பேரும் ஒரே சுற்றில் ஆளுக்கொரு சாவிச் சீட்டை இறக்கினால் ஷட்டர் திறக்கும்.

"ஒருத்தர் உள்ள சிக்குனாலும் அத்தனை பேரும் தோத்த மாதிரி" என்றார் பிரதீப்.

எனக்கு வாட்ச்மேன் தவசி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக் காவல் காப்பவர். பேய்க்கட்டின் மேல்சீட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கலாம். ராஜபாண்டிக்கு முன்கோபக்கார அயர்ன் மாஸ்டர். ஒரு பேய்ச்சீட்டைச் சுட்டுப் பொசுக்கலாம். பிரதீப், லைன் சூப்பர்வைசர். தன் காயத்தை அடுத்தவர் தலையில் கட்டலாம்.

"உங்களுக்குன்னே எழுதுன மாதிரி இருக்குது" என்றேன். ராஜபாண்டி விழுந்து விழுந்து சிரித்தார்.

நாலாவது, ஹெல்பர் சின்னாத்தாள். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டுபவள். யார் காயத்தையும் முகம் சுளிக்காமல் வாங்கிக்கொள்வாள். மூன்று காயம் சேர்ந்தால் மட்டும், தனக்குப் பதிலாக ஒருவரைத் தன் இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அவர் இடத்துக்கு வந்துவிடலாம். அவள் படத்துக்குக் கீழே அவள் பேசுவதாக ஒரு வரி: 'பிசிறு இருக்குது கண்ணு, வெட்டி உடறேன்.'

"நதியா இல்லியே, இத என்ன பண்றதுங்க?"

"லைன்ல ஆள் வரலீன்னா என்ன பண்ணுவோம்? மெஷின் முன்னால வெட்டுன துணி பண்டிலை வெச்சுருவோம். வர்றவங்க எடுத்துத் தைப்பாங்க." காலி ஸ்டூலுக்கு முன்னால் அந்த அட்டையை வைத்து, அவள் பங்குச் சீட்டுகளையும் கவிழ்த்துப் போட்டார்.

எங்கள் கம்பெனிகளில் அதுதான் பழக்கம். எனக்கும் தப்பாகத் தெரியவில்லை.

காயம் விழத் தொடங்கியது. பிரதீப் யோசிக்கவே இல்லை, தன் பொத்தானைக் காலி ஸ்டூல் பக்கம் தள்ளினார். அடுத்து எனக்கு விழுந்ததையும் அங்கேயே தள்ளச் சொன்னார். "ஆளே இல்லாத எடம். வலிக்கவா போகுது? இதுதான் இந்த ஆட்டத்துல கெட்டிக்காரத்தனம்." நானும் தள்ளினேன்.

கிளிக்.

நூல் வெட்டும் டிரிம்மர் சத்தம். செக்கிங்கில் வேலை பார்த்தவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா?

"எலியா இருக்கும்க்கா" என்றார் ராஜபாண்டி. தனக்கு விழுந்த பொத்தானை அவரும் தள்ளினார்.

கிளிக். இந்த முறை டேபிளுக்கு அந்தப் பக்கத்திலிருந்தே.

காலி ஸ்டூலுக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்த சீட்டுகளில் ஒன்று இப்போது நிமிர்ந்து கிடந்தது. சாவிச் சீட்டு.

"நீங்க திருப்புனீங்களா?"

"இல்ல மதி."

"ஆத்தி… நான் தொடவே இல்லண்ணே."

சின்னாத்தாளின் அட்டை மெல்ல நகர்ந்தது. யாரோ ஒற்றை விரலால் தள்ளுவதுபோல, டேபிளைத் தாண்டி வந்து, பிரதீப்புக்கு முன்னால் நின்றது.

மூன்று பொத்தான். யாரை உட்கார வைப்பதென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

கல்யாணமாகி இத்தனை வருசத்தில் நான் இவரைத் திட்டாத நாளில்லை. ஆனால் இவர் இல்லாத ஒரு நாளை நினைத்துப் பார்த்ததும் இல்லை. எட்டி, அந்தப் பொத்தான்களில் ஒன்றை என் பக்கம் இழுத்தேன். பனிக்கட்டியாய்ச் சில்லிட்டது. "என் காயம், நானே வெச்சுக்கறேன். ராஜபாண்டி, உங்களுத எடுங்க!"

அவர் குலதெய்வத்தைக் கூப்பிட்டுக்கொண்டே எடுத்தார்.

"ஏனுங்க, உங்களுத எடுங்க!"

பிரதீப் கையை நீட்டினார். பாதியில் நிறுத்திக் கணக்குப் போட்டார். பாவி மனுசன், அப்போதும் கணக்கு.

"ஒண்ணு கெடக்கட்டும் மதி. மூணு சேந்தாத்தான் மாத்த முடியும். ஒண்ணால ஒண்ணும் ஆகாது. சாவியை எறக்குங்க!"

மூவரும் சாவிச் சீட்டை இறக்கினோம். நாலும் சேர்ந்தது. சின்னாத்தாளின் அட்டை மட்டும் பிரதீப் முன்னாலிருந்து நகரவில்லை.

லைட் அணைந்தது.

இருட்டுக்குள் ஸ்டூல் ஒன்று இழுபடும் சத்தம். யாரோ உட்கார்ந்த சத்தம்.

ஷட்டர் கடகடவென்று தானாக மேலே ஏறியது. விழுந்தடித்து வெளியே ஓடினோம். நான் முன்னால், ராஜபாண்டி அடுத்து. பிரதீப் நிதானமாகக் கடைசியில் வந்தார். ஷட்டரை இறக்கினார். பூட்டினார். சாவியை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார்.

ராஜபாண்டி திரும்பிப் பார்க்காமல் பைக்கை எடுத்துப் போய்விட்டார். மழை விட்டிருந்தது. பட்டப்பகல் வெளிச்சத்தில் இவர் முகத்தைப் பார்த்ததும்தான் எனக்கு உயிரே வந்தது.

"தப்பிச்சோமுங்க. அந்தச் சீட்டுக்கட்ட அடுப்புல போடோணும். வண்டிய எடுங்க, போலாம்."

அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. என் தோள்பட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அப்போதுதான் கவனித்தேன். அவர் கைமடிப்பில் தொங்கிய நூலைக் காணோம். சட்டையில் ஒரு பிசிறு கிடையாது. பொத்தான் இல்லாத நெஞ்சில் ஒரு சிவப்புப் பொத்தான், இறுக்கித் தைத்து, நூல் முனை சுத்தமாக வெட்டியிருந்தது.

"ஏனுங்க…?"

"பிசிறு இருக்குது கண்ணு" என்றார், கனிவாக. "திரும்பு, வெட்டி உடறேன்."

இவர் என்னை மதி என்று தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

பூட்டிய ஷட்டரை உள்ளேயிருந்து யாரோ விரலால் தட்டினார்கள்.

"மதி…"

சாவி, வெளியே நின்றவர் கையில் இருந்தது.