அடியில் கிடந்த நான்கு விநாடிகள்

மின்சாரம் போய்த் திரும்பும் ஒவ்வொரு முறையும் நான்கு விநாடி காணாமல் போனது.

நோயாளிகளின் அறையில் மாட்டும் கேமரா அது. அதற்குள் ஓடும் ஆபரேட்டிங் சிஸ்டத்தை எழுதும் மூன்று பேரில் அவள் ஒருத்தி. கருவி விழித்த கணத்திலிருந்தே படம் பிடித்ததற்கான தடயம் இருக்கும். சேமித்த பதிவில் மட்டும் முதல் நான்கு விநாடி இருக்காது. வாடிக்கையாளர்களிடம் நூறில் ஒரு முறை தலைகாட்டிய அந்தப் பிழை, அவள் தன் வீட்டில் தம்பியின் கட்டிலுக்கு எதிரே மாட்டியிருந்த கருவியில் மட்டும் ஒரு தடவைகூடத் தவறாமல் வந்தது.

தம்பி பதினோரு மாதமாகப் படுக்கையில் கிடந்தான். பைக்கிலிருந்து விழுந்தவனுக்கு எலும்புகள் கூடிவிட்டன. ஸ்கேனைத் திருப்பித் திருப்பிப் பார்த்த டாக்டர், "நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஏன் அசைய மாட்டேங்குறார்னுதான் புரியல" என்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்கள் மட்டும் வேலை செய்தன. ஒரு முறை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. காலையில் வந்து அவனைத் துடைத்து, மூக்கு வழியாக உணவு செலுத்தும் குழாயைக் கவனித்து, மதியம் இரண்டு மணிக்குக் கிளம்பும் நர்ஸம்மா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வாள்: "நீங்க உள்ள வந்தாத்தான் தம்பிக்குக் கண்ணு கலங்குது. அவ்ளோ பாசம்."

அன்றும் நர்ஸம்மா கிளம்பிப் போயிருந்தாள். மழை கட்டிக்கொண்டு நின்றது. மூன்று மணிக்கே ஜன்னல் கம்பிகள் கறுத்துப் போயின. பக்கத்து அறையில் தம்பியின் காற்று மெத்தையின் மோட்டார் விட்டுவிட்டு மூச்சு வாங்கும் சத்தம் சுவர் வழியே அவளுடைய மேசைக்கு வந்துகொண்டிருந்தது.

பிழையைக் கண்டுபிடித்தபோது மணி மூன்றரை. கருவி விழித்ததும் இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் ஓடுகின்றன. ஒன்று, மெமரி கார்டைக் கொண்டுவந்து 'பதிவு' என்ற ஃபோல்டரின் மேல் ஏற்றுகிறது. மற்றொன்று, அதே ஃபோல்டரில் படத்தை எழுதத் தொடங்குகிறது. கார்டு முந்த வேண்டும். படம் ஒரு மயிரிழை முந்திவிட்டால், அது வெறும் ஃபோல்டரில் விழுந்துவிடும். பிறகு வரும் கார்டு அதன் மேல் உட்கார்ந்துகொள்ளும். அடியில் இருப்பது அழிவதில்லை. யார் கண்ணுக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

தன் குழுவின் மூத்தவரை அழைத்தாள். எந்தச் சிக்கலையும், ஒரு வேலை முடியும்வரை மற்றதைக் காக்க வைக்கும் ஒரு பூட்டை நிரலில் போட்டுத் தீர்த்துவிடுவார் என்பதால் அலுவலகத்தில் அவர் பெயரே பூட்டு.

"ரேஸ் கண்டிஷன்தான் அண்ணா, ரெண்டு வேலையும் போட்டி போட்டுக்கிட்டு ஓடுது. புடிச்சிட்டேன்."

"சபாஷ். ஆனா உன் வீட்டுல ஒவ்வொரு தடவையும் வருதுங்குறியே. ஒவ்வொரு தடவையும் ஒரே ஆளு ஜெயிச்சா அதுக்குப் பேரு ரேஸே இல்லம்மா." அவர் எதையோ மென்றுகொண்டிருந்தார். "சரி, கார்டை இறக்கிட்டு அடியில என்ன கிடக்குன்னு பாத்தியா?"

பார்த்திருக்கவில்லை. மேசையிலிருந்தபடியே கட்டளை கொடுத்துக் கார்டை இறக்கினாள். அடியில் நாற்பத்தேழு துண்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் நான்கு விநாடி.

முதலாவதைத் திறந்தாள். தம்பியின் அறை, கட்டில், அதன் மேல் குனிந்திருக்கும் ஒரு பெண்ணின் முதுகு. நர்ஸம்மா என்று நினைத்தாள். நேரத்தைப் பார்த்தால் மாலை ஐந்தேகால். அந்தப் பச்சை ஸ்வெட்டரும், பாதி அவிழ்ந்த கொண்டையும் தன்னுடையவை என்று அப்போதுதான் தெரிந்தது. சிரிப்பு வந்தது. மின்சாரம் வந்ததும் நின்றுபோன மெத்தை மோட்டாரைப் போட ஓடுவது அவள்தானே.

இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. அதே முதுகு. அதே குனிவு. மோட்டாரின் சுவிட்ச் கட்டிலின் மறுபக்கத்தில் இருந்தது என்பது ஐந்தாவது துண்டைத் திறக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

ஐந்தாவதில் ஒலியைக் கூட்டினாள். முரட்டுத் துணியை ஈரக்கையால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம், நடுவே தொண்டைக்குள்ளேயே நசுங்கும் ஒரு முனகல். குனிந்திருந்தவளின் ஒரு முழங்கால் தம்பியின் நெஞ்சின் மேல் இருந்தது. உள்ளங்கை அவன் வாயை மூடியிருந்தது. போர்வைக்குள் அவன் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பதினோரு மாதமாக அசையாத கால்கள்.

இரண்டாம் விநாடியில் கதவு திறந்தது. அவளே உள்ளே வந்தாள். அதே பச்சை ஸ்வெட்டர், கையில் டார்ச். கட்டிலில் இருந்தது திரும்பவில்லை. வந்தவள் நேராக நடந்து, தம்பியின் நெற்றியைத் தடவக் குனிந்தாள். அது குனிந்திருந்த அதே இடத்தில். அதன் மேலேயே. கடைசிக் கணத்தில் திரையில் ஒரே ஒருத்திதான் இருந்தாள். தம்பியின் கால்கள் அடங்கியிருந்தன.

நாற்காலி பின்னால் விழ, அவள் ஓடினாள்.

அறையில் யாருமில்லை. டெட்டால் வாடை. மோட்டாரின் மூச்சு. தம்பி கூரையைப் பார்த்துக் கிடந்தான். காலடி கேட்டதும் கண்கள் அவள் பக்கம் நகர்ந்தன, நிரம்பின.

"டேய், நான்தான்டா." துடைக்கக் கை நீட்டினாள். அவன் கண்களை இறுக மூடிக்கொண்டான். அவள் கை பாதியிலேயே நின்றது.

இத்தனை நாளும் பசிக்குதா, வலிக்குதா, ஃபேன் வேணுமா என்று மட்டும்தான் அவனிடம் கேட்டிருந்தாள்.

"இந்த ரூம்ல வேற யாராவது இருக்காங்களா?"

ஒரு இமைப்பு.

"எனக்குப் பின்னாடியா?"

இரண்டு இமைப்பு.

"பக்கத்துலயா?"

இரண்டு.

"அது... நானா?"

அவன் இமைக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். நீர் காதோரம் வழிந்தது. அவள் அவனைத் தொடாமல், முதுகைக் காட்டாமல், பின்னோக்கி நடந்தே அறையை விட்டு வெளியே வந்தாள்.

தொலைபேசியில் அவள் சொன்னதைப் பூட்டு பொறுமையாகக் கேட்டார். "ரெண்டு பேரு ஒரே இடத்துல எழுதினா படம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்மா. முந்தின நாள் நீ, இன்னிக்கு நீ, கலந்து போயிருக்கும்."

"கால் உதைக்குது அண்ணா."

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு? பூட்டைப் போடு. கார்டு ஏறுற வரைக்கும் யாரும் எழுதக் கூடாது. ஒரு தடவை ஓட்டிப் பாத்துட்டு, போய்ப் படு. நான் பக்கத்துலதான் இருக்கேன், சாயங்காலம் வந்து எட்டிப் பாக்கறேன்."

அவர் சொன்னது நியாயமாக இருந்தது. நியாயமாக இருக்க வேண்டும் என்று அவள் விரும்பினாள். விழுந்த நாற்காலியை நிமிர்த்தி உட்கார்ந்து ஆறு வரிகள் எழுதினாள். பூட்டை எடு, கார்டை ஏற்று, பூட்டை விடு, பிறகு எழுது. திருத்திய நிரலைக் கருவிக்கு அனுப்பி, அதை மறுபடி எழுப்பினாள்.

சுவருக்கு அப்பால் கேமரா 'டிக்'கென்றது. வெளியே முதல் துளிகள் தகரத்தில் விழுந்தன.

பதிவு வந்தது. சரியான இடத்தில், கார்டின் மேல். நான்கு விநாடியும் இருந்தன. தம்பியின் அறை. கட்டில். தம்பி.

அவன் மட்டும்.

முதுகு இல்லை. ஸ்வெட்டர் இல்லை. அவள் இரண்டு கைகளையும் விசைப்பலகையின் மேல் விட்டு, எத்தனையோ நேரமாக அடக்கி வைத்திருந்த மூச்சை வெளியே விட்டாள்.

திரையில் தம்பி கையைத் தூக்கினான். தன் விரல்களைப் பார்த்தான். பிறகு கட்டிலின் விளிம்பைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தான்.

பதிவு முடிந்தது.

பக்கத்து அறையில் எதுவோ தரையில் விழுந்து உருண்டது. வெறுங்கால் சத்தம். ஒன்று. நின்று, இன்னொன்று. சுவரை உரசிக்கொண்டு வரும் உள்ளங்கை.

தம்பி வாசலில் நின்றான். எலும்பும் தோலுமாக, மூக்கில் தொங்கும் குழாயோடு, நிலையைப் பிடித்துக்கொண்டு, தன் கால்களில் நின்றான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. எழுந்து ஓடிப்போய் அவனைத் தாங்கப் பார்த்தாள்.

எழ முடியவில்லை.

நெஞ்சின் மேல் ஒரு கனம். முழங்கால் அளவு.

அவள் பெயரைச் சொல்லத் தெரியாத குழந்தைபோல அவன் வாயைத் திறந்து மூடினான். பிறகு, பதினோரு மாதத்துக்குப் பிறகு, துருப்பிடித்த குரல்.

"அக்கா."

அவன் பார்த்தது அவளை அல்ல. அவளுடைய தலைக்குச் சற்று மேலே.

பதில் சொல்ல அவள் உதட்டைத் திறந்தாள். ஈரமான ஓர் உள்ளங்கை அதன் மேல் மெல்ல வந்து படிந்து, மூடியது. அவள் கண்ணைத் தாழ்த்திப் பார்த்தாள். அவளுடைய கைகள் இரண்டும் விசைப்பலகையின் மேலேயே அசையாமல் கிடந்தன.