ஜட்ஜ் மறந்த ஒரு வரி

"ஐயோ...! க்ளைவ்!"

யாரம்பூல் ஊர்க் கண்காட்சியின் கேக் கூடாரத்தில் அந்த அலறல் எழுந்தபோது காலை மணி பத்தரை.

கேக் போட்டி நடுவர் க்ளைவ் பான்ஃபீல்ட், லெமன் டார்ட்டில் முகம் புதைத்துக் கிடந்தார்.

ருசி பார்க்கவில்லை. செத்திருந்தார்!

பக்கத்தில், அவர் தலையில் அடித்ததில் நசுங்கிய வெள்ளிக் கோப்பை. அதில் டொரீன் ஹேஸ்லட்டின் கைரேகை.

"பதினோரு வருஷமா ஸ்பாஞ்ச் கேக்குக்கு அந்தக் கோப்பைய ஜெயிக்கிறவ நான். என் ரேகை இல்லாம உங்க ரேகையா இருக்கும்?" சீறினாள், ஐம்பத்தெட்டு வயது டொரீன்.

"இந்த வருஷம் டொரீனுக்குக் கிடையாதுன்னு க்ளைவ் பப்ல சொல்லியிருக்காரே?" என்றார் போலீஸ் அதிகாரி. "பத்து மணிக்கு எங்க இருந்தீங்க?"

"வீட்ல. ஓவன்ல கேக் வெந்துட்டு இருந்துச்சு."

பொய்!

பத்து மணிக்கு டொரீனின் கார் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரி கோர்ட்டில் அடித்துச் சொன்னாள்.

கூண்டில் டொரீன் உடைந்தாள்.

"பக்கத்து ஊர் பேக்கரிக்குப் போயிருந்தேன்... வெளிய சொல்ல வெட்கம்... பதினோரு வருஷமும் போட்டிக்கு வெச்சது... கடை கேக்!"

கொலை என்றபோதுகூடக் கோர்ட்டில் அப்படி ஒரு 'ஹா' எழவில்லை!

பேக்கரியில் யாருக்கும் அவள் முகம் நினைவில்லை.

ஜட்ஜ், பன்னிரண்டு ஜூரிகளின் பக்கம் திரும்பினார்.

"போலீஸ்கிட்ட பொய் சொல்லியிருக்காங்க. கொலை பண்ணதாலதான் பொய்னு நீங்க எடுத்துக்கலாம்."

எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்திரண்டு வருஷம்!

டொரீனின் வக்கீல் ஃபெர்கஸ் டாலி, சிறைக்குச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் இங்க அழுதுட்டு இருக்கேன். உனக்கென்ன இளிப்பு, கண்ணு?"

"ஜட்ஜ் ஒரு வரிய மறந்துட்டார், டொரீன்! மனுஷங்க வெட்கத்துலயும் பொய் சொல்லுவாங்க, பயத்துலயும் சொல்லுவாங்க. பொய் சொன்னாங்கங்கறதுக்காகவே குற்றவாளின்னு முடிவு பண்ணிடாதீங்கன்னு ஜூரிக்கு அவர் சொல்லியே ஆகணும்!"

"ஒரே ஒரு வரியா?"

"இருபத்திரண்டு வருஷ வரி!"

அப்பீல். மூன்று நீதிபதிகள்.

"இதுகூடவா ஜூரிக்குத் தெரியாது, யுவர் ஆனர்?" என்றார் அரசு வக்கீல்.

"கீழ்க் கோர்ட் ஜட்ஜுக்கும் தெரியும்," என்றார் நடுவில் இருந்தவர். "அவரே மறந்துட்டாரே!"

தீர்ப்பு ரத்து!

புது விசாரணை. புது ஜூரி. இந்த முறை அந்த வரி விடுபடவில்லை.

விடுதலை!

ஆனால் கண்காட்சிக் கமிட்டி சும்மா விடவில்லை. கடை கேக்குக்குப் பரிசா என்று, முதல் பரிசுக்குத் தந்த பதினோரு நீல ரிப்பன்களையும் பிடுங்கிக்கொண்டது.

மறுவாரம் டொரீன் வீட்டில் ஃபெர்கஸுக்கு டீ. தட்டில் ஸ்பாஞ்ச். நாலு விரல் உயரம்... நடுவில் ஜாம்... வழிய வழிய க்ரீம்...

வாயில் வைத்ததும் கரைந்தது.

"அடேங்கப்பா! எந்த பேக்கரி?"

"பேக்கரியா? ஓவன் இன்னும் சுடுது. தொட்டுப் பாரேன்."

ஃபெர்கஸின் தாடை பாதியில் நின்றது.

"அப்ப... பதினோரு வருஷமும்...?"

"என் கைதான் கண்ணு! கடை கேக்கை எங்க வீட்டு நாய்கூட மோந்து பாக்காது."

"அப்ப அன்னிக்கு நீங்க பேக்கரிக்கே..."

"போகல."

"டொரீன்! பொய்யா சொன்னீங்க?"

டொரீன் அவர் தட்டில் இன்னொரு துண்டு வைத்தாள்.

"பொய் சொன்னதுக்காகவே குற்றவாளின்னு முடிவு பண்ணக் கூடாதுன்னு நீதானே சொன்ன? சாப்பிடு!"