மொட்டைமாடித் தூசி

சிட்டுவுக்கு வயிறு எரிந்தது.

பள்ளி மொட்டைமாடிக்குப் புதிதாக வந்த லேசர் கருவிக்கு உதவியாளராக அவளுடைய வகுப்புத் தோழி நெட்டையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கழுத்தில் அட்டை, கையில் மாடிச் சாவி. நெட்டையின் நடையே மாறிவிட்டது.

"உன் மூஞ்சி ஏன்டி இப்படி உப்பியிருக்கு?" என்று கேட்டாள் நெட்டை.

"பல்வலி" என்றாள் சிட்டு.

நாடு முழுவதும் இப்படிக் கருவிகளை வைத்துவருகிறார்கள். ஒவ்வொன்றும் வானத்தை நோக்கி லேசர் ஒளியை அனுப்பும். மிதக்கும் தூசியிலும் புகையிலும் பட்டு, கொஞ்சம் ஒளி திரும்பி வரும். எந்த உயரத்தில் எவ்வளவு தூசி என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். எல்லா ஊர்க் கணக்கையும் சேர்த்தால், நாட்டின் காற்று முழுக்க ஒரே படத்தில் தெரியும்.

ஆனால் இந்தப் பள்ளியில் மட்டும், தினமும் இடைவேளையின்போது மாடிக்குச் சற்று மேலே திடீரென்று ஒரு தூசிப் படலம்!

கருவியைக் கவனிக்க வந்த பொறியாளர் அக்கா தலையைப் பிய்த்துக்கொண்டார். "கருவியோட கண்ணாடியையும் துடைச்சாச்சு. இன்னைக்கும் இப்படியே வந்தா, கருவியை வேற ஊருக்கு மாத்திடுவாங்க."

சாவி போச்சு, அட்டை போச்சு! சிட்டுவுக்குச் சர்க்கரை தின்றதுபோல் இருந்தது.

இடைவேளை மணி அடித்தது. கரும்பலகை டஸ்டர்களை அள்ளிக்கொண்டு நெட்டை படியேறினாள்.

"அதை எங்கடி கொண்டு போற?"

"மாடியிலதான் தட்டுவேன். என்கிட்டதான் சாவி இருக்கே!"

சிட்டுவுக்குப் பளிச்சென்று புரிந்தது. சும்மா இருந்தாலே போதும், எல்லாம் தானாக முடிந்துவிடும். ஆனால் நாட்டுப் படத்தில் தங்கள் ஊர் இருக்கவேண்டிய இடம் ஓட்டையாகக் கிடக்குமே?

மூச்சிரைக்க ஓடி, மாடிக் கதவருகே டஸ்டர்களைப் பிடுங்கினாள். "தட்டாதடி! அந்தத் தூசியே இதுதான்!"

நெட்டையின் முகம் வெளுத்தது. "ஐயோ… அக்காகிட்ட சொல்லிடுவியா?"

இந்த முகத்தைப் பார்க்கத்தான் சிட்டு இத்தனை நாள் ஆசைப்பட்டாள். பார்த்தபோது அவ்வளவு நன்றாக இல்லை.

"நீயே சொல்லு. இதையெல்லாம் நான் கீழே தட்டிக்கிறேன்."

தலைமுடியெல்லாம் வெள்ளையாக அவள் தட்டி முடித்தபோது, மேலிருந்து நெட்டை கத்தினாள். "அக்கா சிரிச்சுட்டாங்க! உன்னையும் வரச் சொல்றாங்க!"

கருவியின் திரையில் அன்று தூசிப் படலம் இல்லை. வெகு உயரத்தில் மெல்லிய புகை மட்டும் தெரிந்தது.

"இது நம்ம ஊர்க் காத்தா?" என்று கேட்டாள் சிட்டு.

"ஆமா, நம்ம ஊரேதான்" என்றார் அக்கா.

"கொஞ்சம் நகருடி நெட்டை, எனக்கு மறைக்குது."

நெட்டை குனிந்துகொண்டாள்.