முயல் தீனி

வைத்தீஸ்வரன் கூண்டைத் தட்டினார். முயல்கள் திரும்பவில்லை.

பாலிகஞ்சில் இருந்த அந்த ஆராய்ச்சிச்சாலையில் முயல்களைப் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. தாழ்ப்பாள் சத்தத்துக்கே மூலைக்கு ஓடுகிற பிராணிகள், இன்றைக்கு ஈர வைக்கோல் நாற்றத்துக்கும் அழுகிய முட்டைக்கோஸ் நெடிக்கும் நடுவே வரிசையாக உட்கார்ந்து, மூச்சை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கினார். ஈரத்துணி மாதிரி சில்லிட்டிருந்தது. தாடைக்குக் கீழே இரண்டு பக்கமும் கட்டி விரலில் நெருடியது.

ஆராய்ச்சியை நடத்திய டாக்டர் பாபு அறுத்துப் பார்த்த சினை முயலின் குட்டிகள் பீங்கான் தட்டில் கிடந்தன. பிறக்காத அவற்றுக்கும் கழுத்து வீங்கியிருந்தது.

“தொற்று வியாதியா, டாக்டர் பாபு?”

“இல்லை. தீனிதான். கோஸைத் தவிர நாம் வேறு எதுவும் போடவில்லையே. அதிலிருக்கும் ஏதோ ரசாயனம் கழுத்துச் சுரப்பியைக் கெடுக்கிறது. தாய் தின்றது குட்டிக்கும் போய்ச் சேர்கிறது.”

வைத்தீஸ்வரனுக்குக் கால் தரிக்கவில்லை. வீணாகப் போகிற சாமானைக் கண்டால் மனசு கேட்காத மனுஷர் அவர். மீந்த கோஸையெல்லாம் கார்த்திகையிலிருந்து பியூனிடம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். மசக்கையில் சோற்றைக் கண்டாலே ஓடிய அவர் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு அது ஒன்றுதான் பிடித்தது. கல்யாணமாகிப் பல வருஷம் ஏங்கித் தங்கிய கர்ப்பம். தின்னட்டும், தின்னட்டும் என்று பூரித்துப்போயிருந்தார், பாவி.

காளிகாட்டில் டிராமை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாகச் சந்துக்குள் நுழைந்தார். வீட்டுக்கு வீடு பற்றவைத்த கரியடுப்பின் புகை பனியோடு சேர்ந்து இறங்கி, விளக்குக் கம்பத்தையும் எதிர்ச்சுவரையும் மூடியிருந்தது. தொண்டை எரிந்தது. அவர் வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்கில்லை. வெள்ளிக்கிழமையும் அதுவுமாக விளக்கேற்றாமல் இருக்கமாட்டாளே என்று நினைத்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்.

“அனந்தம்?”

கூடத்து இருட்டில் நறுக், நறுக்கென்று ஒரு சத்தம். நின்றது. மறுபடியும் தொடங்கியது.

அரிக்கேன் விளக்கை ஏற்றினார். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் உப்பியிருந்தது. மடி நிறைய இலை. பச்சை இலை.

“துப்பிடுடீ அனந்தம். அது விஷம். துப்பு!”

“ஏன்னா, பசிக்கறதே.” குரல் கரகரத்தது. “சரடுதான் இறுக்கறது. கொஞ்சம் தளர்த்தி விடுங்கோளேன்.”

குனிந்தார். தாலிச்சரடு கழுத்துச் சதைக்குள் புதைந்திருந்தது. விரல் நுழையவில்லை. நகம்கூட நுழையவில்லை. கத்தியால் அறுப்பதா? கட்டின கையாலேயேவா? அவருக்கு அழுகை வந்துவிட்டது.

“பயப்படாதேள். குழந்தை நன்னாத்தான் இருக்கான்.” சில்லென்ற கையால் அவர் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். “தொட்டுப் பாருங்கோ.”

அசைந்தது. உதை இல்லை. புரளவும் இல்லை.

அவள் வாய் அசையாமல் மூடியிருந்தது. சத்தம் நிற்கவில்லை. அவர் உள்ளங்கைக்கு அடியில், நிதானமாக, நறுக், நறுக்கென்று, எதையோ மென்றுகொண்டிருந்தது.